‘எவ்வளவு நேரம்’ என்பதற்கு ஸ்பானிஷில்

மே 9, சனி

காலையிலேயே வெயில். ஒன்பது மணிக்குள்ள துணி எல்லாம் காஞ்சிருச்சு. இன்னிக்கு ஷிப்ட் இல்ல.

செய்ய வேண்டியது:
– ஜாசின் மண்டபத்துக்குப் போன், நாற்காலிக்கு உறை உண்டா இல்லையா
– வாழைமரம் யாரு கொண்டு வர்றது
– ரவிக்கை தையல்காரிகிட்ட
– தினேஷ் கேட்ட பேப்பர்

கடைசிதான் தலைவலி. நேத்து, கட்டிக்கப் போற பொண்ணோட ஊர்ல இருந்து போன்ல கெஞ்சுறான். “அம்மா, லூசியாவோட அப்பா அம்மாவுக்கு நம்ம கல்யாணம் ஒன்னும் புரியாதுலா. என்ன என்ன நடக்கும், ஒவ்வொன்னுக்கும் எவ்வளவு நேரம் ஆகும், எல்லாத்தையும் ஸ்பானிஷ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நீங்கதான் இவ்வளவு படிச்சிட்டீங்களே.” மகன் புகழ்ந்தா எந்தத் தாய்க்குத்தான் தலை கிறுகிறுக்காது. சரின்னுட்டேன்.

தீபாவளியில இருந்து படிக்கிறேன். பொண்ணு வீட்டோட முதல் தடவ வீடியோ கால். நானும் லூசியாவோட அம்மா கார்மெனும் இருபது நிமிஷம் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். வாய் வலிச்சதுதான் மிச்சம். மறுநாளே போன்ல ஒரு ஆப் ஏத்திட்டேன். ஐம்பத்தாறு வயசுல.

இன்னிக்கு நீளமும் நேரமும். இங்கிலீஷ்காரனுக்கு ‘லோங்’ ஒன்னு போதும். கயிறும் லோங், ரோடும் லோங், டோக்டர் கிளினிக்ல உக்காந்து கெடக்கறதும் லோங். ஸ்பானிஷ்ல அந்தக் கதை நடக்காது.

லோங் (சாமான்) – லார்கோ, பொம்பள வார்த்தையா இருந்தா லார்கா
லோங் (நேரம்) – முச்சோ தியெம்போ
ஷோர்ட் – கோர்தோ. ஆளு குட்டையா இருந்தா மட்டும் பாஹோ
ஹவ் லோங், நீளம் – குவாந்தோ மீதே
ஹவ் லோங், நேரம் – குவாந்தோ தூரா
கொஞ்ச நேரம் – உன் ராத்தோ

மாலை லார்கா. சேலை லார்கோ. சேலை எப்படி ஆம்பளை ஆச்சுன்னு கேக்கக் கூடாதாம்.

லார்கோன்னா லார்ஜ்னு நெனச்சு, “என் வீடு லார்கோ இல்ல, மன்னிச்சுக்குங்க”ன்னு போன மாசம் கார்மெனுக்கு எழுதிட்டேன். போட்டோ பாத்துட்டு அவங்க, “நல்லா நீளமாத்தானே இருக்கு”ன்னு பதில். புக்கிட் பெருவாங் வரிசை வீடு, முன்னால அகலம் ஒரு காடி நிக்கற அளவு, பின்னால போய்க்கிட்டே இருக்கும். அவங்க சொன்னது சரிதான்.

மே 12, செவ்வாய்

மத்தியானம் இடி. பேக்டரி தகரத்துல மழை கொட்டுச்சு, பக்கத்துல பேசறது கேக்கல.

முந்நூத்து நாப்பது மில்லிமீட்டர் வயர், நாலாயிரம் துண்டு. ரெண்டு மில்லி கூடினாலும் கொறஞ்சாலும் தள்ளுபடி. இருபத்து நாலு வருஷமா ஆயர் குரோவுல இதே கட்டிங் லைன். முதல்ல ஓப்பரேட்டர், இப்போ லைன் லீடர். நீளம் எனக்குப் புதுசில்ல. கண்ணாலயே சொல்லிருவேன்.

கேண்டீன்ல சரஸ் என் நோட்டப் பிடுங்கிப் பாத்தா. “என்னாக்கா இது, மந்திரமா?”

“சம்பந்தியம்மாகிட்ட பேசறதுக்கு.”

“அவங்க தமிழ் படிக்கிறாங்களா?”

“வணக்கம் தெரியும்.”

“போதும்லா. நீங்க ஒரு மொழியே படிக்கிறீங்க, அவங்க ஒரு வார்த்தை.” சொல்லிட்டு என் தட்டுல இருந்த மீனையும் எடுத்துக்கிட்டா.

அவளுக்கு என்ன தெரியும். கார்மென் நல்ல மனுசி. தினம் ஒரு வோய்ஸ் அனுப்புவாங்க, எனக்காக மெதுவா, கொழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி. இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தாங்க. கோன்சுவெக்ரா. பொண்ணோட மாமியாருக்கு, மகனோட மாமியாருக்கு அப்படித்தான் பேராம். இங்கிலீஷ்ல இதுக்கு வார்த்தையே இல்ல. தமிழ்ல இருக்கு, ஸ்பானிஷ்ல இருக்கு. பஸ்ல வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன்.

மே 16, சனி

ஜாசின் போயிட்டு வந்தேன். பெரியத்தான் வீடு. என் வீட்டுக்காரரோட அண்ணன். அவரு, அவரு சம்சாரம் அக்கா, ஐயர், நான். கல்யாணப் பேச்சு.

பெரியத்தான் கோயில் கமிட்டியில இருக்கறவரு. பேசினா மைக் பிடிச்ச மாதிரிதான். ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருந்தாரு. காப்பு கட்டு, இவரு. மாலை எடுத்துக் குடுக்கறது, இவரு. பாத பூசை, இவரும் அக்காவும்.

நான் கேட்டேன். “பாத பூசை தாய்க்குத்தானே அத்தான்?”

ஐயர் பஞ்சாங்கத்தப் புரட்டினாரு. அக்கா காப்பித் தண்ணி எடுக்க எழுந்து போனாங்க. பெரியத்தான்தான் பேசினாரு.

“தம்பதியா உக்காரணும் வசந்தா. ஜோடியா. உனக்குத் தெரியாததா? தம்பி இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும்தான். இல்லையே. என்ன செய்ய.”

“நான் மட்டும் உக்காந்தா?”

“நல்ல காரியம்மா. நாளைக்குப் புள்ளைக்கு ஒன்னுன்னா நாலு பேரு உன்னத்தான் சொல்லுவாங்க. எனக்கா ஆசை? உனக்காகத்தான் சொல்றேன்.”

அப்புறம் சிரிச்சாரு. “அதும் இல்லாம அந்த வெள்ளைக்காரங்களுக்கு யாரு சொல்றது? நீதான் ஸ்பானிஷ் படிச்சிருக்கே. கீழ முன் வரிசையில அவங்க பக்கத்துல உக்காந்து ஒன்னு ஒன்னா விளக்கிச் சொல்லு. மேடையில நாங்க பாத்துக்கிறோம். அதுவும் பெரிய வேலைதானே?”

ஐயரும் “ஆமா, ஆமா, அது ரொம்ப முக்கியம்”னாரு. அக்கா உள்ளேருந்து, “வசந்தா மாதிரி யாரால முடியும்”னாங்க.

நானே போய் நானே படிச்சு நானே கொண்டு வந்து குடுத்திருக்கேன் அந்தச் சாக்க. ஸ்பானிஷ் தெரியலன்னா வேற எதையாவது தேடிக் கண்டுபிடிக்கணும், அந்தச் சிரமம்கூட வைக்கல நான்.

காப்பித் தண்ணி குடிச்சேன். பலகாரம் எடுத்துக்கிட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்.

மே 17, ஞாயிறு

தலைவலி. ரெண்டு பனடோல்.

அவர் போய் பதினேழு வருஷம். தினேஷுக்கு அப்போ பன்னெண்டு. பெரியத்தான் அன்னிக்கு மயானத்துல என் கையப் பிடிச்சு, “நான் இருக்கேன்”னாரு. இருந்தாரு. வருஷத்துக்கு ஒரு தடவ, தீபாவளிக்கு, முறுக்கு டின்னோட.

மோர்னிங் ஷிப்ட், ஓவர்டைம், ஞாயிறு ஷிப்ட். அவன் பள்ளிக்கூடப் பஸ், டியூஷன், டெங்கி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, பாலிடெக்னிக், அப்புறம் யூனிவர்சிட்டி. அங்க எல்லாம் தம்பதியா வரணும்னு யாரும் கேக்கல. ஒத்த ஆளு போதும்னாங்க.

எனக்குக் கால் கழுவ ஆளில்லாம இல்ல. நானே கழுவிக்குவேன். அது இல்ல விஷயம். என் புள்ள குனிஞ்சு என் கால்ல தண்ணி ஊத்தறத ஊரு பாக்கணும். எனக்கு வேணும். வெக்கமில்லாமச் சொல்றேன், வேணும்.

ஆப்ல இன்னிக்குப் பாடம்: ‘எவ்வளவு நாளா இருக்கீங்க?’ இதுக்கு அவங்க யேவார்னு ஒன்ன வச்சிருக்காங்க. பை தூக்கறதுக்கும் அதே வார்த்தை. இத்தன வருஷத்தத் தூக்கிக்கிட்டு இருக்கேன்னு சொல்லணுமாம். யேவோ தியெசிசியெத்தே ஆஞோஸ் வியூதா. பதினேழு வருஷமா விதவையா தூக்கிக்கிட்டு இருக்கேன். முதல் தடவையே சரின்னு பச்ச விளக்கு எரிஞ்சுது.

மே 20, புதன்

புழுக்கம். காத்து இல்ல.

பேப்பர் எழுதி முடிச்சேன். ஒன்றரைப் பக்கம். கேண்டீன்ல ஆரம்பிச்சு வீட்டுல முடிச்சேன். இப்படி:

மாப்பிள்ளை வருகை. குவாந்தோ தூரா: பதினஞ்சு நிமிஷம்
புள்ளையார் பூசை. பத்து நிமிஷம்
ஹோமம். அரை மணி நேரம். புகை இருக்கும். கண்ணு எரியும். பயப்பட வேணாம்
கூறைச் சேலை. ஆறு மீட்டர் நீளம். பொண்ணு கட்டிக்கிட்டு வர இருபது நிமிஷம், நெசமா நாப்பது
மாலை மாத்தறது. மூணு தடவ. சின்னது
தாலி. ஒரு நிமிஷம்கூட இல்ல. ஆனா எல்லாரும் எழுந்து நிப்பாங்க, உங்களுக்குத் தெரியாது, நாற்காலி மேல ஏறுங்க
சாப்பாடு. உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ

அட்டவணைய ஒரு தடவ படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஹோமத்துக்கு முன்னால ஒரு வரி சேத்தேன்.

பாத பூசை. மாப்பிள்ளை தன் தாயின் கால்களைக் கழுவுகிறான். ஐந்து நிமிடம்.

தாயின்னு மட்டும்தான். வேற யாரும் இல்ல.

எதுக்குச் செஞ்சேன்னு எனக்கே தெரியல. பெரியத்தானுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஐயருக்குத் தெரியாது. படிக்கப் போறது கார்மென், அவங்க வீட்டுக்காரரு, லூசியா, தினேஷ். தினேஷ் படிச்சா புரிஞ்சுக்குவான். வாயால கேக்க எனக்கு வரல. ஏன் கேக்கணும்? அவனாவே, அம்மா நீங்கதான் மேலன்னு சொல்லக்கூடாதா?

கார்மெனுக்கு அனுப்பினேன், பிழை பாக்க. அப்புறம் தினேஷுக்கு.

மே 22, வெள்ளி

கார்மென் பதில். நாலு பிழை. ஒன்னு மாலைய ஆம்பளை ஆக்கிட்டேன். மத்தது சின்னச் சின்னது.

வோய்ஸ்ல பாத பூசை வரியப் பத்தியே ரொம்ப நேரம் பேசினாங்க. ரெண்டு தடவ கேட்டுத்தான் முழுசாப் புரிஞ்சுது. தன்னோட மகன் தன் காலக் கழுவறத நெனச்சாலே சிரிப்பு வருதாம், அவன் தன் காலயே ஒழுங்காக் கழுவறதில்லையாம். “அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்? அழலாமா? எங்க நிக்கணும், போட்டோ எடுக்க?” அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து வச்சுட்டாங்களாம்.

அழலாம், எழுதினேன். முன் வரிசையில நில்லுங்கன்னும் எழுதினேன்.

தினேஷ்கிட்டேருந்து சத்தமில்ல. வேலையா இருப்பான்.

மே 24, ஞாயிறு

பசியாறிட்டு உக்காந்தேன், தினேஷ் அனுப்பின பேப்பர் வந்துச்சு. பூப் போட்டு, புள்ளையார் படம் போட்டு, அழகா இருக்கு. ரெண்டு மொழியும் பக்கத்துல பக்கத்துல.

மாப்பிள்ளை வருகை. புள்ளையார் பூசை. ஹோமம்.

மேலேருந்து கீழ நாலு தடவ பாத்தேன். அந்த வரி இல்ல.

போன் போட்டேன்.

“அம்மா, சூப்பரா எழுதியிருக்கீங்க. லூசியாவே ஆச்சரியப்பட்டா.”

“ஒரு வரி விட்டுப் போச்சு போல.”

பின்னால யாரோ பாத்திரம் கழுவற சத்தம்.

“அம்மா... பெரியப்பா போன் பண்ணாரு. அவரும் பெரியம்மாவும் உக்காரணும்னு. தாள்ல ஒன்னு, மேடையில ஒன்னுன்னு இருந்தா அவங்க குழம்பிருவாங்கல்ல. அதான் எடுத்துட்டேன்.”

“உனக்கு என்ன தோணுது?”

“எனக்கு என்னம்மா. நம்மாளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? ஒரு நாள்தானே. அஞ்சு நிமிஷம்தானேம்மா. விடுங்களேன்.”

அஞ்சு நிமிஷம்தான். நான்தான் கணக்குப் போட்டேன், எனக்குத் தெரியாதா. அந்த அஞ்சு நிமிஷத்த எனக்குக் குடுக்க முடியல, பெரியப்பாவுக்குக் குடுக்க முடியுது.

சரிப்பான்னு வச்சுட்டேன். சரிப்பான்னு ஏன் சொன்னேன். எப்பப் பாத்தாலும் இதே சரிப்பா. என் வாயில வேற ஒன்னும் வராதா.

மே 27, புதன்

வந்துட்டாங்க. தினேஷ், லூசியா, கார்மென், அவங்க வீட்டுக்காரரு. தங்கா பத்துங்கற ஊர்ப் பக்கம் கடலோரமா ஒரு ஹோம்ஸ்டே.

கார்மென் வேன்ல இருந்து எறங்கி ஓடி வந்து கட்டிப் பிடிச்சாங்க. ரெண்டு கன்னத்துலயும் முத்தம். எங்க தாமான் வரிசை வீடுகள்ல எல்லாரும் கதவத் தொறந்து பாத்தாங்க. “கோன்சுவெக்ரா!”ன்னு கத்தினாங்க. நானும் கத்தினேன். அந்த நிமிஷம் மட்டும் எல்லாம் மறந்து போச்சு.

வீட்டுக்காரரு ஆளு ஆறடிக்கு மேல. கதவுல தல இடிச்சுக்கிட்டாரு. நான் மரியாதையா, “நீங்க ரொம்ப லார்கோ”ன்னு சொல்லிட்டேன். கார்மென் சோபாவுல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆளுக்கு ஆல்தோவாம். லார்கோன்னா கயிறு.

சோறு, மீன் குழம்பு, கோழி வறுவல், முட்டைக்கோஸ். தினேஷ் மூணு தட்டு. மெலிஞ்சிருக்கான். என் கண்ணப் பாக்காமயே சாப்பிட்டான்.

மே 30, சனி

நலங்கு. பெரியத்தான் வீட்டுல. மழை வந்து பந்தல் ஒழுகுச்சு.

மஞ்சள் பூச ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. சுமங்கலிங்க மொதல்ல. ஒன்பது பேரு. அப்புறம் இன்னொரு ஒன்பது பேரு. நான் அடுப்படியில தட்டுல சந்தனம் கரைச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா வந்து, “கடைசியில நீயும் ஒரு தொட்டுரு வசந்தா, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க”ன்னாங்க. எனக்கு அனுமதி குடுக்கறாங்க, என் புள்ளையத் தொட.

தொட்டேன். கன்னத்துல மஞ்சள். அவன், “அம்மா, கை ஜில்லுனு இருக்கு”ன்னான்.

ஜூன் 1, திங்கள்

நேத்து எழுதத் தெம்பில்ல. இன்னிக்கு லீவு. எழுதிடறேன், இல்லன்னா நெஞ்சுலயே கெடக்கும்.

மண்டபத்துக்கு ஏழு மணிக்கெல்லாம் போயாச்சு. மெரூன் பட்டு. அக்கா பாத்துட்டு, “பளிச்சுனு இருக்கே”ன்னாங்க. பாராட்டா, குத்தலா, ரெண்டும்தான்.

முன் வரிசையில நான், கார்மென், அவங்க வீட்டுக்காரரு. கார்மென் சேலையில. நான்தான் கட்டி விட்டேன், பதினோரு பின். மாப்பிள்ளைய அழைச்சாங்க. அழைப்புன்னா என்னன்னு விளக்கினேன். என் புள்ள தலைப்பாகையோட நடந்து வந்தப்ப அவனையே பாத்துக்கிட்டிருந்தேன், ஒன்னும் விளக்கல. கார்மெனும் கேக்கல. அடுத்து புள்ளையார் பூசை, அத விளக்கினேன்.

ஐயர் மைக்ல: “மாப்பிள்ளையின் தாய் தந்தையர் ஸ்தானத்தில்...” பெரியத்தானும் அக்காவும் மேடை ஏறினாங்க. பலகை போட்டாங்க, தாம்பாளம், செம்புத் தண்ணி, மஞ்சள், பூவு.

கார்மென் கைப்பையத் தொறந்தாங்க. மடிச்ச தாள். பூவும் புள்ளையாரும் போட்ட தாள் இல்ல, நான் மொதல்ல அனுப்பினது. விரலால அந்த வரியத் தொட்டுக் காட்டினாங்க. என்னப் பாத்தாங்க. மேடையப் பாத்தாங்க.

“இது நீங்கதானே? அந்தம்மா யாரு?”

“பெரியம்மா.”

“ஏன்?”

ஏன்னு சொல்ல என்கிட்ட வார்த்தை இல்ல. ஏழு மாசம் படிச்சேன். எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம், எவ்வளவு நாளா, எல்லாம் தெரியும். நல்ல காரியம்னா என்ன, ஜோடின்னா என்ன, நாலு பேரு என்ன சொல்லுவாங்க, அதெல்லாம் எந்தப் பாடத்துலயும் வரல. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. சொன்னா என் புள்ளையப் பத்தி என்ன நெனப்பாங்க?

“சின்கோ மினூத்தோஸ்”னேன். அஞ்சு நிமிஷம்.

“அப்போ உங்களுக்கு?”

“அப்புறம்.”

“எவ்வளவு நேரம் கழிச்சு?”

“உன் ராத்தோ.”

மேடையில தினேஷ் மண்டி போட்டு அக்கா கால்ல தண்ணி ஊத்தினான். அக்கா கொலுசு போட்டிருந்தாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நான் தப்பாத்தான் எழுதியிருக்கேன், மூணுதான்.

அதுக்கப்புறம் பொண்ணு வீட்டுக்காரங்கள மேல கூப்பிட்டாங்க. லூசியா தன் அப்பா அம்மா கால்ல தண்ணி ஊத்தினா. கார்மென் பலகையில உக்காந்து அழுதாங்க, அழுதுக்கிட்டே என்னத் தேடினாங்க. நான் கீழேருந்து கை ஆட்டினேன். முன் வரிசையில நான் மட்டும்தான். பக்கத்துல ரெண்டு காலி நாற்காலி.

தாலி கட்டறப்ப எல்லாரும் எழுந்துட்டாங்க. எனக்கு அந்த வீடியோ எடுக்கற ஆளோட முதுகுதான் தெரிஞ்சுது. நாற்காலி மேல ஏறுங்கன்னு அடுத்தவங்களுக்கு எழுதினேன், நான் ஏறல. மேளம் வேகமா அடிச்சாங்க, அதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

சாப்பாடு. கார்மென் வீட்டுக்காரருக்குக் கையால சாப்பிட வரல, சாம்பாரு மணிக்கட்டு வரைக்கும் ஓடுது. கரண்டி எடுக்கப் போனேன். திரும்பி வர்றப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பந்திக்கு வந்திருந்தாங்க. தினேஷ் எனக்கு முதுகக் காட்டி நின்னான். கார்மென் நாற்காலியில இருந்து நிமிந்து அவன்கிட்ட கேட்டாங்க, சிரிக்காம:

“உன் அம்மாவுக்கு எப்போ?”

தினேஷ் வேகமா, சாதாரணமா, சொன்னான்:

“எய்யா நோ கீசோ.”

மூணே வார்த்தை. ஆப்ல ஆறாம் பாடமோ ஏழாம் பாடமோ. அவங்களே வேணாம்னுட்டாங்க.

கரண்டியோட நின்னேன். எனக்காக மெதுவாப் பேசற ஸ்பானிஷ் மட்டும்தான் எனக்குப் புரியும்னு நெனச்சிருப்பான். இல்ல, நான் பின்னால இருக்கறதே தெரிஞ்சிருக்காது. நான் எதுக்கு இந்த மொழியப் படிச்சேன்? அவன் போய்ச் சேந்த இடத்துல அவன் என்ன பேசறான், யாரோட சிரிக்கிறான்னு தெரிஞ்சுக்கத்தான். தெரிஞ்சுக்கிட்டேன்.

கார்மென் அவன் தோளுக்கு மேல என்னப் பாத்துட்டாங்க. அவங்க பாத்த பக்கம் அவனும் திரும்பினான். சந்தனப் பொட்டு, கழுத்துல ரெண்டு மாலை. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

கார்மென் என்னக் கேட்டாங்க. “நெசமா? நீங்களா வேணாம்னீங்க?”

பந்தியில நூறு பேரு. எதிர் இலையில பெரியத்தான். புது மருமக, மாலையோட, என்னையே பாக்கறா.

ஆமான்னு தலையாட்டினேன். சிரிச்சேன். கரண்டியக் குடுத்தேன்.

பாவி. அப்பவும் அவன விட்டுக்குடுக்கல நான்.

ஜூன் 2, செவ்வாய்

வேலைக்குப் போயிட்டேன். சரஸ், “கல்யாணம் எப்படிக்கா? மேடையில உங்களக் காணோமே”ன்னா. சாப்பாடு நல்லா இருந்துச்சுலன்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டா.

ஆப், “ஏழு மாசமா ஒரு நாள் விடாமப் படிச்சீங்க, மூணு நாளா காணோம்”னு ஒரு செய்தி. அழிச்சுட்டேன். செய்திய இல்ல, ஆப்ப.

ஜூன் 4, வியாழன்

காலையில தூறல். அரை நாள் லீவு. பதினோரு மணிக்கு அவங்க கெளம்பற வேன்.

கார்மென் வேன்லருந்து எறங்கவே மாட்டாங்கன்னு நெனச்சேன், எறங்கினாங்க. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு என் முகத்தையே பாத்தாங்க. அவங்களுக்கு நான் தலையாட்டினதுல நம்பிக்கை இல்ல. எனக்குத் தெரிஞ்சுது. நானும் அவங்களையே பாத்தேன். தீபாவளிக்கு வீடியோவுல பாத்தப்ப எப்படி நின்னோமோ அப்படித்தான் நின்னோம், சிரிப்பு மட்டும் இல்ல.

எல்லாரும் பெட்டி ஏத்தறப்ப தினேஷ் அடுப்படிக்கு வந்தான். நான் அவனுக்கு ஊறுகா கட்டிக்கிட்டு இருந்தேன், ஒழுகாம இருக்க ரெண்டு பிளாஸ்டிக்.

“அம்மா. அன்னிக்கு... வேற என்னம்மா சொல்றது அவங்ககிட்ட? பெரியப்பாவ விட்டுக்குடுக்க முடியுமா?”

“என்னைய விட்டுக்குடுத்தியே.”

அவன் கழுத்துல இன்னும் மஞ்சள் போகல. மனசு எறங்கத்தான் செஞ்சுது, எறங்காம எப்படி. நான் ஊறுகா முடிச்ச இறுக்கினேன்.

“செப்டம்பர்ல அங்க வாங்கம்மா. ஆறு மாசம் இருங்க. வேலைய விடுங்க, போதும் உழைச்சது. லூசியாவும் ஆசையாச் சொல்றா. உங்களுக்குத்தான் மொழி தெரியுமே, கஷ்டமே இருக்காது. ஒரு அறை உங்களுக்குன்னே ஒதுக்கியாச்சு.”

வெளிய வேன்காரன் ஹோர்ன் அடிச்சான்.

“எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்கம்மா. சரியா?”

எப்பவும் வர்ற சரிப்பா நாக்கு வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

“எனக்கு வேணாம்”னேன்.

“அம்மா...”

“வேணாம்பா.”

ஊறுகாவ அவன் கையில குடுத்தேன். இனி யாராவது கேட்டா அம்மாவே வேணாம்னுட்டாங்கன்னு அவன் தாராளமாச் சொல்லலாம். இந்தத் தடவ நெசமாவே நான்தான் சொன்னேன்.